போட்டுப் பார்க்காத ஒரே சிடி

என் மகளுடைய அடக்கத்தை யோவான் எனக்குக் காட்டாமல் ஏமாற்றிவிட்டான். பதினாறு வருஷம் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், டெம்போ ஸ்டாண்டில் சொன்னேன், சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றும் சொன்னேன். அவன் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டு நடந்தேன். அவன் ஒருநாளும் திருப்பி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். குற்றமில்லாதவன் என்றால் வாயைத் திறந்திருப்பானே என்று நினைத்தேன்.

போன வருஷம் ஆனி மாசம் அவன் செத்துப்போனான். அவனைப் பற்றி எழுத என்னைவிட நல்ல கை உள்ளவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அவன் பெயரைக் கெடுத்தவன் நான். அதனால் எழுத வேண்டியவனும் நான்தான்.

தேங்காய்ப்பட்டணம் சந்திப்பில் தாணுவின் டீக்கடையை ஒட்டி யோவானின் கடை. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். அவ்வளவுதான் இடம். முதலில் அங்கே ரேடியோவும் டேப்பும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து ஒன்றில் திருவனந்தபுரத்துக்குப் போய், யாரோ உபயோகித்துக் கழித்த ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அதில் சிடி எழுதுகிற டிரைவ் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் முதல்.

பாட்டு எழுதிக் கொடுத்தான், கல்யாணம் எழுதிக் கொடுத்தான். ஆனால் கூட்டம் வந்தது குரல் சிடிக்கு. அப்போது இங்கே வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃபில். போனில் பேசினால் இரண்டு பேரும் எப்போது கட் ஆகுமோ என்று பயந்துகொண்டே பேசுவார்கள், நலமா நலமா என்பதிலேயே முடிந்துவிடும். யோவான் பெண்களை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, அவரவர் புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொல்லவைத்து, நடுவில் இரண்டு பாட்டும் சேர்த்து சிடியாக எழுதிக் கொடுப்பான். ஊரிலிருந்து போகிற யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்கள்.

முதல் தடவை வருகிறவள் ஜட்ஜுக்கு முன்னால் நிற்கிறதுபோல் பேசுவாள். "அன்புள்ள கணவருக்கு, இங்கு யாவரும் நலம்" என்று விறைத்துப்போய் இருப்பாள்.

"ஏட்டி, மைக்கு கடிக்காது," என்பான் யோவான். "வீட்டுல கெடந்து அவன ஏசுவியே, அதுபோலப் பேசு."

"ஏசினா அதையும் எழுதிருமா அண்ணா?"

"எழுதும். நீ ஏசாம பேசினா, இது எனக்க பெண்டாட்டி இல்லன்னு அவன் சிடியத் திருப்பி அனுப்பிருவான்."

வெளியே வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். உள்ளே இருப்பவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலிருந்து அவன் பதிவை ஆரம்பிப்பான்.

சிடி எழுதும்போது மட்டும் அவன் வேறு ஆள். கரண்ட் கொஞ்சம் தாழ்ந்தால்கூட சிடி பாழாகிவிடும். தாணு பக்கத்துக் கடையில் மிக்சி போட்டால் இங்கே பல்பு மங்கும். யோவான் சுவரில் ஓங்கித் தட்டுவான்.

"தாணு, மிக்சிய நிறுத்து! சிடி ஓடுது!"

"ஒனக்க சிடிக்காக எனக்க சட்டினி காத்துக் கெடக்கணுமா லே?"

"எட்டு நிமிஷம்!"

"எட்டு நிமிஷத்துல எட்டு பேரு எழும்பிப் போயிருவானுவ."

"போறவன இஞ்ச அனுப்பு. பசிக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுக்கேன்."

எழுதி வெளியே வந்த சிடியை உடனே கையில் தரமாட்டான். நடுத் துளையில் விரலைக் கொடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அப்புறம் பழைய பிளேயர் ஒன்றில் போட்டு ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்ப்பான். ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவர்கள் கத்துவார்கள். "கடல் தாண்டிப் போற சாதனம். அங்க போய் ஓடல்லன்னா அவன் யாருட்ட போய்க் கேப்பான்?" என்பான். அவன் கையிலிருந்து ஓடாத சிடி வெளியே போனதாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் இரண்டாயிரத்து ஐந்தில் சவூதியில் தம்மாமுக்குப் போனேன். தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. போகும்போது என் மகள் ஜாஸ்மிக்கு ஏழு வயது. மாசம் ஒருதடவை என் மனைவி நேசபாய் அவளைக் கூட்டிக்கொண்டு யோவான் கடைக்குப் போவாள். நேசபாய்க்கு மைக்கைக் கண்டால் வாய் அடைத்துவிடும். ஜாஸ்மிதான் பேசுவாள். கோழி எத்தனை முட்டை வைத்தது, டீச்சர் யாரை அடித்தாள், கிணற்றில் எத்தனை படி வெள்ளம், எல்லாம் வரும். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை முழுக்க ஒப்பித்து, "அப்பா, தப்பு இருந்தா அடுத்த சிடிக்குச் சொல்லணும்" என்பாள். முடிவில் அவள் குரல் தூரத்தில் கேட்கும்: "மாமா, நான் அமுக்கட்டா?" எழுதுகிற பட்டனை அவள்தான் அமுக்க வேண்டும். வேறு யாரையும் யோவான் அந்தக் கம்ப்யூட்டர் எலியைத் தொடவிட்டதில்லை.

அந்தக் குரல் சிடிகள் இப்போதும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவை ஓடும். நான் யோவானிடம் கேட்டது அவற்றையல்ல. நான் இல்லாமல் அவளை எப்படி அனுப்பிவைத்தார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

கல்ஃப் ரூமில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் எங்களில் பாதிப் பேருக்கு வர வழியில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருக்கும். அதனால் இங்கே அடக்கத்தைக் கேமராவில் பிடித்து, சிடியில் எழுதி, போகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். சிடி வந்து சேரும்வரை அங்கே அவன் துக்கக்காரன். ஷேவ் பண்ணமாட்டான், மீனும் இறைச்சியும் தொடமாட்டான். சிடி வந்த நாள் ரூமில் அடுப்பு மூட்டுவதில்லை. பன்னிரண்டு பேரும் குளித்து வெள்ளை வேட்டி கட்டுவோம். பாய் விரித்து டிவிக்கு முன்னால் உட்காருவோம். படத்தில் பாட்டுப் பாடினால் நாங்களும் பாடுவோம். பெட்டியைத் தூக்கும்போது ரூமில் உள்ள எல்லாரும் எழுந்து நிற்போம். மலப்புரத்துக்காரரும் எழுந்து நிற்பார், நாகர்கோவில் பகவதியும் நிற்பான். படம் முடிந்தபின் ஒருத்தர் பாலில்லாத கட்டன்சாயா போட்டு அவன் கையில் கொடுப்பார். அவன் அதைக் குடித்தால் அடக்கம் முடிந்தது. மறுநாள் வேலைக்குப் போவான். ஆறு பேருக்கு நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஆறு சிடியும் யோவான் பிடித்து எழுதியவை. ஆறும் ஓடின.

இரண்டாயிரத்து ஏழு ஆடி மாசம் ஜாஸ்மிக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிக்கும்போது நேரம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் போய்விட்டாள். ஒன்பது வயது. முதலாளி வெளிநாட்டில், அலமாரிச் சாவி அவரிடம். மழைக்காலம், வைத்திருக்க முடியாது என்றார்கள். மறுநாள் அடக்கம் பண்ணினார்கள்.

பன்னிரண்டாம் நாள் புதுக்கடைப் பையன் பிரதீஷ் லீவு முடிந்து வரும்போது சிடியைக் கொண்டுவந்தான். கவரின்மேல் யோவான் கையெழுத்தில் என் பெயர். நாங்கள் குளித்தோம், வேட்டி கட்டினோம், உட்கார்ந்தோம். சிடி உள்ளே போய்க் கொஞ்சநேரம் சுற்றியது. நின்றது. திரையில் ‘நோ டிஸ்க்’ என்று வந்தது.

எடுத்துத் துடைத்துப் போட்டோம். மலப்புரத்துக்காரர் தன் புதுத் துண்டால் துடைத்துப் போட்டார். பக்கத்து ரூம் பிளேயரில் போட்டோம். அடுத்த கேம்புக்கு ஓடினோம். சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரில் போட்டோம். எங்கேயும் அது ஒரு சிடி என்று எந்த மிஷினும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது ரூமில் எல்லாரும் அதே வெள்ளை வேட்டியோடு, என்ன செய்ய என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கருங்கல் ஊர்க்காரர் ஞானையன் அண்ணன் மெதுவாக அடக்கப் பாட்டைத் தொடங்கினார். இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள்.

"நிறுத்துங்க," என்று நான் கத்தினேன். "ஆளில்லாம பாட்டு எதுக்கு?"

நிறுத்திவிட்டார்கள். யாரோ கட்டன்சாயா கொண்டுவந்தார்கள். நான் குடிக்கவில்லை.

மறுநாள் யோவானுக்குப் போன் போட்டேன்.

"ஓடல்லியா?" என்றான்.

"நீ போட்டுப் பாத்தியா லே?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. "வேற ஒண்ணு அனுப்புதேன் மக்கா. அதத் தூரக் களையாத. பத்திரமா வச்சிரு" என்று மட்டும் சொன்னான்.

வேறு ஒன்று வரவில்லை. ஒருதடவை கேட்டால், குளச்சல்காரன் ஒருத்தன் கையில் கொடுத்தேன் என்றான். இன்னொரு தடவை, அவன் பயணம் ரத்தாகிவிட்டது என்றான். பிறகு போனையே எடுப்பதில்லை. நான் அதற்குமேல் இரண்டு வருஷம் ஊருக்கு வரவில்லை. பாஸ்போர்ட் கிடைத்தது, லீவும் கிடைத்தது. யாரைப் பார்க்க வர?

இரண்டாயிரத்து ஒன்பதில் வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். வந்த மறுநாள் அந்தச் சிடியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வா மக்கா. இரி."

"எனக்க பிள்ள எங்க லே?"

"அந்தச் சிடி இருக்கா? கொண்டுவந்தியா? இஞ்ச தா, நான் ஒண்ணு..." என்று கையை நீட்டினான்.

தடயத்தை வாங்கி ஒளிக்கப் பார்க்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. சிடியை எடுத்து அவன் கண்முன்னால் இரண்டாக வளைத்து ஒடித்தேன். அது நேராக ஒடியாது. சில்லுச் சில்லாகத் தெறித்தது. வெள்ளிப்பொடிபோல் கீபோர்டின்மேல் உதிர்ந்தது. என் விரலில் ரத்தம். அந்தக் கையாலேயே அவன் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றல்ல, மூன்று.

தாணு ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். "லேய் செல்வதாசு, விடுல! சவத்த விடு! ஆளக் கொன்னுராத!"

யோவான் என்னைப் பார்க்கவேயில்லை. குனிந்து தரையில் கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வெட்கம் கெட்டவன், அடி வாங்கியும் கடையைப் பெருக்குகிறான் என்று நினைத்தேன்.

அதற்குப்பின் பேச்சு இல்லை. அவனும் காலத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டான். ஜெராக்ஸ், ரீசார்ஜ், பென்டிரைவில் பாட்டு ஏற்றுவது, ஆதார் திருத்தம். மகன் ஜெனித்தைப் படிக்கவைத்து பெங்களூருக்கு அனுப்பினான். கல்யாணம் பிடித்தான், ஞானஸ்நானம் பிடித்தான். அடக்கம் மட்டும் பிடிக்கவில்லை. யார் வந்து கெஞ்சினாலும் ஆகாது என்றுவிட்டான். வசதி வந்ததும் திமிர் வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. ஊருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இதற்கிடையில் நான் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். அடக்கத்துக்குப் போனவர்கள் நானூறு பேர் இருக்கும். ஒருத்தி, பிள்ளைக்கு முடியை விரித்துப் போட்டிருந்தது என்றாள். இன்னொருத்தி, பின்னியிருந்தது என்றாள். நீலச் சட்டை என்றான் ஒருத்தன். வெள்ளை என்றாள் என் தங்கச்சி. எல்லாரும் அழுதிருக்கிறார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை. நேசபாயிடம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன வருஷம் வைகாசிக் கடைசியில் யோவானின் மனைவி ரோஸ்லெட் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, அவியளுக்கு ஈரல்ல கட்டி. இனி ஒண்ணும் செய்யாண்டாம்னு டாக்டர் சொல்லியாச்சு. ஒங்கள ஒரு தடவ பாக்கணும்னு கெடக்காவ."

வரமாட்டேன் என்றேன். இரண்டாம் தடவையும் வந்தாள். அப்போதும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை அவள் போனபின் நேசபாய் சொன்னாள்: "நீங்க போகல்லன்னா நான் போவேன்."

போனேன். கட்டிலில் ஒரு போர்வை கிடந்தது, அதற்குள் யோவான் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"வந்தியா?" என்றான்.

"வந்தேன்."

"மிச்ச அடி குடுக்கவா?"

"அடிக்க ஒனக்க ஒடம்புல எடம் இல்லியே லே."

சிரித்தான். சிரிப்பு இருமலானது. ரோஸ்லெட் வந்து தலையைத் தூக்கிப் பிடித்து வெள்ளம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு அவன், நான் பதினாறு வருஷமாகக் கேட்டதற்குப் பதில் சொன்னான்.

"அந்தச் சிடிய நான் போட்டுப் பாக்கல்ல மக்கா. எனக்க ஆயுசுல போட்டுப் பாக்காமக் குடுத்தது அது ஒண்ணுதான். ரெண்டு நாளா அந்தப் படத்த வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன். பொழுதன்னிக்கும் அவ மொகம் திரையில. அண்ணைக்குக் கரண்டு வந்து வந்து போச்சு. மத்தியானம் ஆயிற்று. பிரதீஷுக்க கார் வெளிய நிண்ணு ஹாரன் அடிக்கான், ஏர்போட்டுக்கு நேரமாச்சுன்னு. வேகத்தக் கூட்டி வச்சு எழுதினேன். நான் அப்படி எழுதுறதே இல்ல. கடைசியில பூட்டுற வேலை ஒண்ணு உண்டு, அது முடிஞ்சாத்தான் மத்த மிஷின் அத சிடின்னு ஒத்துக்கும். அதுல நிண்ணு போயிருக்கு. திரையில எழுதிக் காட்டியிருக்கும். நான் திரையப் பாக்கல்ல, மொகத்தத் திருப்பிக்கிட்டுல்லா இருந்தேன். தட்டு வெளிய வந்துது. பிளேயர்ல போட்டா மொதல்லயே அவதான் வருவா. இன்னொரு தடவ பாக்க எனக்கு ஏலல்ல. எடுத்துக் கவர்ல போட்டுக் குடுத்துட்டேன்."

"வேற ஒண்ணு எழுதியிருக்கலாமே லே."

"வீட்டுக்கு ஒண்ணு எழுதட்டான்னு நேசபாய்ட்டக் கேட்டேன். வேண்டாம் அண்ணா, அவியளுக்கு மட்டும் போதும்னா. சரின்னு விட்டேன். கேமரா டேப்பு மறுநாளே ஒரு கல்யாணத்துக்கு ஓடிற்று. கம்ப்யூட்டர்ல எடம் இல்லாம நானேதான் அழிச்சேன். நீ போன் பண்ணினப்பம் எனக்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"அத அண்ணைக்கே சொல்லியிருந்தா?"

"எப்படி மக்கா சொல்ல? ஒனக்க பிள்ளைக்க அடக்கத்துக்கு மேல நான் கல்யாணம் பிடிச்சேன்னா?"

அப்புறம் கேட்டேன்: "நான் ஒடிச்சனே, அது ஒடியாம இருந்திருந்தா?"

"ஒண்ணும் கெடைச்சிருக்காது," என்றான். மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுக்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாது. பூட்டாத சிடியிலிருந்து படத்தை எடுக்கிற வித்தை உண்டு என்று பிறகு ஜெனித்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குத்தான் அன்றைக்குக் கையை நீட்டியிருக்கிறான். மூன்று அறையையும் வாங்கிக்கொண்டு, நான் ஒடித்ததால்தான் போயிற்று என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

நான் எழுந்து போகலாம் என்று பார்த்தேன். "இரி," என்றான். "சிடிதான் போச்சு. பிடிச்சவன் நான் இருக்கேன். ஒண்ணேகால் மணிக்கூர் படம். எனக்கு எல்லா எடமும் தெரியும். சொல்லுதேன், கேளு."

மூன்று சாயங்காலம் சொன்னான். படம் ஓடுகிற வரிசையிலேயே சொன்னான். முதலில் சர்ச் கோபுரம், மழை. அதன்மேல் மஞ்சள் எழுத்தில் அவள் பெயர். பிறகு எங்கள் வீட்டு முற்றம், தார்ப்பாயில் வெள்ளம் கட்டி நடுவில் தொங்குகிறது, ஒருத்தர் கம்பால் குத்தித் தள்ளுகிறார். அவள் வகுப்புப் பிள்ளைகள் யூனிபாரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தி அழாமல் கேமராவையே பார்க்கிறாள்.

"வெள்ளை கவுன். கிறிஸ்மசுக்கு எடுத்தது. அவ வளந்துட்டால்லா, நீளம் பத்தல்ல. கீழ ஒரு சாண் லேஸ் வச்சுத் தச்சிருந்தது. தலை ரெண்டு பின்னல், வெள்ளை ரிப்பன். சுத்திப் பிச்சிப்பூ. தோவாளையில இருந்து காலத்த பஸ்ஸுல வந்தது, வெள்ளம் சொட்டிக்கிட்டு இருந்துது."

"மொகம்?"

"காய்ச்சக்காரி மொகம் இல்ல கேட்டியா. கொஞ்சம் மஞ்சளிச்சு இருந்து. வாய் லேசாத் தொறந்திருந்து. எடது பக்கத்துல ஒரு பல்லு விழுந்து, புதுப்பல்லு பாதி மொளைச்சு நிண்ணுது."

பல் விழுந்தது எனக்குத் தெரியாது. எந்தச் சிடியிலும் அவள் அதைச் சொல்லவில்லை.

"கையி?"

"நெஞ்சுமேல. ஊசி போட்ட எடத்துல பிளாஸ்டர் அப்படியே இருந்து. எடுத்துரலாம்னு பெண்ணுங்க வந்தப்பம் நேசபாய் சம்மதிக்கல்ல. பிச்சா வலிக்கும்னா."

அன்று வீட்டுக்கு வந்து, நேசபாய் அடுப்படியில் நிற்கும்போது, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பவில்லை. "பிளாஸ்டரச் சொன்னாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் நாள் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை. யார் யார் பெட்டியைத் தூக்கினார்கள், எந்த வளைவில் தோள் மாற்றினார்கள், எந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றார்கள், எல்லாம் சொன்னான். "இந்த எடத்துல நான் பாட்டுச் சத்தத்தக் கொஞ்சம் ஒசத்தி வச்சிருந்தேன். ஒனக்க தங்கச்சிக்க அழுகை அங்க இருக்கிற ஒனக்குக் கேக்காண்டாம்னு." தாணு கடையை அடைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தானாம். அதைக்கூட அந்த மனுஷன் இத்தனை வருஷம் என்னிடம் சொன்னதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நேசபாய் தானாகவே பேசினாள். "கல்லறையில ஜெபம் முடிஞ்சு பெட்டிய மூடப் போறப்பம் எனக்குத் தல சுத்திச்சு. கண்ணு முழிக்கும்போது வீட்டுல கெடக்கேன். எல்லாம் முடிஞ்சிருந்து. மூடும்போது அவ எப்படி இருந்தான்னு நான் யாருட்டயும் கேக்கல்ல. கேக்க எனக்குப் பயம்." இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்கு மட்டும்தான் அடக்கம் முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. யோவானுக்குக் குரல் மிகவும் இறங்கியிருந்தது. நான் கட்டிலின்மேல் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டம், அயனிமரத்து அடி. குழியில் மழைவெள்ளம் ஊறுகிறது, இரண்டு பேர் இறங்கி வாளியால் கோரி ஊற்றுகிறார்கள். சபை ஐயர் குடைக்குள் நின்று பைபிள் வாசிக்கிறார், பக்கங்கள் நனைந்து ஒட்டிக்கொள்கின்றன. ஜெபம் முடிகிறது. மூடியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அதோடு நிறுத்தினான். வெள்ளம் கேட்டான். கொடுத்தேன். முக்கால்வாசி வெளியே வழிந்தது.

"பொறவு?" என்றேன்.

நேசபாய் மயங்கி விழுந்ததை நான் அப்போதுதான் அவனிடம் சொன்னேன், மூடும்போது அவளும் பார்க்கவில்லை என்று. "தெரியும்," என்றான். "அவ விழுந்தது படத்துல ஓரத்துல உண்டு."

"சரி, நீ சொல்லு. மூடும்போது எப்படி இருந்தா?"

தலையை அசைத்தான். மூச்சு ஏறி ஏறி இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பமே சொல்லு லே," என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். ரோஸ்லெட் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் நேசபாய் குளித்துச் சேலை மாற்றி, வாசலில் நின்று செருப்பைப் போடும்போது ரோஸ்லெட்டின் போன் வந்தது. நாங்கள் அப்படியே போனோம். நேசபாய் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, அவனை அடக்கம் பண்ண எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. படத்தில் எங்கள் பிள்ளையின் பெட்டியை மூடிய இடம் இனி எங்களுக்குக் கிடையாது.

முந்தின நாள் புதன்கிழமை, நான் வீட்டுக்குப் போக எழுந்தபோது அவன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமே இல்லை, ஆனாலும் விடவில்லை.

"நாளைக்கிக் காலத்த அவளையும் கூட்டிட்டு வா மக்கா," என்றான். "அந்த எடத்த ஒருத்தருட்ட மட்டும் சொல்ல எனக்கு ஏலாது. ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும்."